வாசலில் நின்ற பிள்ளைகள்



சென்ற ஆண்டு மறைபரப்பு ஞாயிற்றுக்கு இரு வாரங்களுக்கு முன்பு, காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னும், வாலாஜாபாத்தைச் சேர்ந்த நம் பங்குத் தாய் ஒருவர் பங்கு இல்லத் திண்ணையை விட்டு அகலாமல் அமர்ந்திருந்தார். கணவர் தறி நெய்பவர். பிள்ளைகள் இருவர். மூத்தவள் செவிலியர் படிப்பை முடித்து, இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் பணி செய்கிறாள். இளையவன் ஒரு துறவற சபையில் சேர்ந்து, அவ்வாண்டுதான் குருப்பட்டம் பெற்றான். முதல் நன்றித் திருப்பலி நம் ஆலயத்தில் நடந்தபோது ஊரே திரண்டு வந்து சாப்பிட்டுச் சென்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

அவர் வந்தது ஒரு கடிதம் வாங்கிச் செல்ல.

"அவனைத் தான்சானியாவுக்கு அனுப்புகிறார்களாம், சாமி. அவர்கள் சபைத் தலைவருக்குத் தாங்கள் நான்கு வரி எழுதித் தர வேண்டும். தாய்க்கு உடம்பு சரியில்லை, பிள்ளை இந்தியாவிலேயே இருக்கட்டும் என்று எழுதினால் போதும்."

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டோம்.

"சர்க்கரை இருக்கிறது" என்றார். வாலாஜாபாத்தில் சர்க்கரை இல்லாதவர் யார் என்று நாம் கேட்கவில்லை.

உடனே மறுமொழி கூற இயலாதபோது வேறொன்றைப் பற்றி விசாரிப்பது குருக்களுக்கு உள்ள பழக்கம். மகள் எப்படியிருக்கிறாள் என்றோம். அவர் முகம் சற்றே தெளிந்தது. முந்திய வாரம் மகள் தொலைபேசியில் கூறிய செய்தி ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். அச்செய்தியே இம்மாதம் நம்மை எழுத வைத்தது.

நல்ல மழைநாளாம். மாலை நேரம். கதவு தட்டும் ஓசை கேட்டு மகள் திறந்தாளாம். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்த இரு இளைஞர் நனைந்தபடி நின்றனராம். மார்பில் கறுப்பு நிறப் பெயர்ப்பலகை. அதில் 'எல்டர்' என்று எழுதியிருந்ததாம். மூப்பர் என்பது அதன் பொருள். பத்தொன்பது வயதுக்கு மேல் மதிக்க முடியாத முகங்கள். ஒருவன் அமெரிக்க நாட்டவன், மற்றவன் பிரேசில் நாட்டவன். இயேசுவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டிருக்கின்றனர். மழைக்கு உள்ளே வாருங்கள் என்று மகள் அழைத்தபோது, வீட்டில் கணவர் இருக்கின்றாரா என்று வினவி, இருக்கின்றார் என்று அறிந்த பின்னரே காலணியைக் கழற்றினராம். நம் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? காப்பி கலந்து கொண்டுவந்தாள். நாங்கள் காப்பியும் தேநீரும் அருந்துவதில்லை என்று இருவரும் கூச்சத்தோடு மறுத்துவிட்டனராம். நம் தாய்க்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

கதையை முடித்தவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மீசைகூட முளைக்காத பிள்ளைகளாம் சாமி. அவர்களைப் பெற்றவள் எப்படித்தான் அனுப்பினாளோ!" என்றார்.

தாம் எதற்காக வந்தோம் என்பதும் தாம் கேட்ட கேள்வியும் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதை அவர் அறிந்தே சொன்னாரா, அறியாமல் சொன்னாரா, நமக்குத் தெரியாது. கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று அனுப்பிவைத்தோம்.

அந்த இளைஞர் யார் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. மார்மன் என்று உலகம் வழங்கும் சபையினர் அவர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட முழுப்பெயர். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அதனைத் தொடங்கினார். விவிலியத்தோடு மார்மன் நூல் என்ற ஒன்றையும் அவர்கள் இறைவாக்காக ஏற்கின்றனர். தந்தை, மகன், தூய ஆவி என்று நாம் கூறும் அதே சொற்களை அவர்களும் கூறுவர். ஆயினும் அச்சொற்களுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் வேறு. அதனால்தான் அவர்களது திருமுழுக்கைத் திருச்சபை ஏற்பதில்லை என்று 2001-ஆம் ஆண்டில் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. இவ்வளவு அறிந்திருந்தால் போதும். வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை. நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் மறையில் நிறைவாக இருக்கிறோம் என்று முகமலர்ச்சியோடு கூறி, காப்பிக்குப் பதிலாக ஒரு குவளை தண்ணீர் கொடுத்து அனுப்பலாம். மழையில் நனைந்து வந்தவன் எந்தச் சபையைச் சேர்ந்தவனாயினும் தாகமுள்ளவனே.

ஆனால் நாம் பேச வந்தது அவர்களது கோட்பாட்டைப் பற்றியன்று. அவர்களது நாளொழுங்கைப் பற்றி.

பூவிருந்தவல்லிக் குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில் விடியலில் அடிக்கும் மணியை நினைத்து இன்றும் சில நேரம் திடுக்கிட்டு விழிப்பதுண்டு. அந்த மணிக்குச் சற்றும் குறையாத ஒழுங்கு இவ்விளைஞருடையது. காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, செபம், காலையுணவு. பின்னர் தனியாக மறைநூல் வாசிப்பு, அடுத்துத் தோழனோடு சேர்ந்து வாசிப்பு, அயல்மொழி நாட்டில் இருப்பவனாயின் மொழிப் பயிற்சி. பத்து மணி அளவில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணி வரை தெருவும் வீடுகளும்தான். பத்தரைக்கு விளக்கணைப்பு. திரைப்படம் இல்லை, காதல் பேச்சு இல்லை. வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும், முடி வெட்டிக்கொள்ளவும், கடைக்குச் செல்லவும், வீட்டுக்கு எழுதவும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்குப் பதினெட்டு மாதங்கள் இப்படிக் கழியும். பெண்கள் 'சிஸ்டர்' என்று பெயர்ப்பலகை அணிவர். கன்னியர் மடத்தார் என்று நம்மவர் எண்ணி ஏமாறக்கூடும்.

எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை அவர்கள் தேர்ந்துகொள்வதில்லை. தலைமையிடத்திலிருந்து அறிவிப்பு வரும். வீட்டார் சுற்றிலும் கூடியிருக்க, அதனைத் திறந்து படிப்பது அவர்கள் குடும்பங்களில் ஒரு பெருவிழா. பிறகு சில வாரப் பயிற்சி. அயல்மொழி வேண்டுமாயின் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரிலும் பிற நாடுகளில் உள்ள பயிற்சி மையங்களிலும் சற்றுக் கூடுதல் வாரங்கள். அவ்வளவே. முன்பு ஆண்கள் பத்தொன்பது வயதிலும் பெண்கள் இருபத்தொரு வயதிலும் புறப்படுவர். 2012-ஆம் ஆண்டில் அதனைப் பதினெட்டு, பத்தொன்பது என்று குறைத்தனர். இன்று உலகெங்கும் 70,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறு உழைக்கின்றனர். செலவுப் பணத்தைப் பெரும்பாலும் அவர்களும் அவர்கள் குடும்பத்தாருமே கட்டுகின்றனர். அதற்கென்று சிறுவயதிலிருந்தே உண்டியலில் சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. சம்பளம் கிடையாது.

தாய்மார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2019 பிப்ரவரி வரை இப்பிள்ளைகள் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம் என்பது விதி. ஒன்று கிறிஸ்து பிறப்பு நாள், மற்றொன்று அன்னையர் நாள். மற்றபடி வாரம் ஒரு கடிதம். இப்போது அதனைத் தளர்த்தி, வாரம் ஒருமுறை பேசலாம் என்று ஆக்கியிருக்கின்றனர்.

இவ்வொழுங்கில் நம்மைப் பெரிதும் ஈர்த்தது, தோழன் என்ற ஏற்பாடு. எவரும் தனியே அனுப்பப்படுவதில்லை. ஒருவன் எங்கு சென்றாலும் மற்றவன் உடன் செல்ல வேண்டும். தோழனைத் தானாகத் தேர்ந்துகொள்ளவும் இயலாது. சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை மாற்றிவிடுவர். குறட்டை விடுபவனும் வரலாம், வாய் ஓயாதவனும் வரலாம். பொறுத்துக்கொள்வதே பாதிப் பயிற்சி. நம் ஆண்டவரும் சீடரை இருவர் இருவராக அனுப்பியதாக மாற்கு எழுதியிருக்கின்றார். ஆனால் நாம் செய்வதென்ன? குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் இளங்குருவை ஒரு சிற்றூரில் தனியே விட்டுவிடுகின்றோம். நாம் முதன்முதலாகப் பொறுப்பேற்ற இடத்தில் மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்தோம். மணியடிக்கும் முதியவர் கொண்டுவந்த கஞ்சிதான் அம்மூன்று நாளும் உணவு. அவரும் இல்லையெனில் என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மனம் கலங்கும். இந்த ஒன்றில் அச்சபையார் நம்மைவிடச் சுவிசேஷத்துக்கு நெருக்கமாக நடக்கின்றனர் என்று சொல்வதில் நமக்கு வெட்கமில்லை.

குறை ஒன்றையும் சொல்லவேண்டும். இரண்டாண்டுகள் போதுமா? ஓர் ஊரின் மொழி நாவில் படிந்து, அவ்வூரார் சிரிப்பதன் காரணம் விளங்கத் தொடங்கும்போது பெட்டியைக் கட்டிவிடுகின்றனர். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1853-ஆம் ஆண்டில் பதின்மூன்று மார்மன் போதகர் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறிக் கல்கத்தா வந்தனர். அவர்களுள் ரிச்சர்டு பாலண்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகிய மூவர் அவ்வாண்டு சூலையில் சென்னைப் பட்டணம் சேர்ந்தனர். பாலண்டைன் ஸ்காத்லாந்தில் பிறந்தவர். தம் சபையில் ஞாயிறு மறைக்கல்விப் பள்ளியை 1849-இல் முதன்முதலாகத் தொடங்கியவர். மனைவியைச் சால்ட் லேக் நகரில் விட்டுவிட்டுக் கையில் காசில்லாமல் வந்தவர். சென்னையிலிருந்து ஒரு மாத இதழ்கூட வெளியிட்டுப் பார்த்தார். அவர்கள் பேசியது ஆங்கிலம். கேட்டவர் பெரும்பாலும் ஐரோப்பியரும் படைவீரரும். நம் வாலாஜாபாத்திலும் அதற்கு முந்திய தலைமுறைகளில் கம்பெனிப் படையினர் பாளையம் அடித்துத் தங்கியிருந்தனர். அந்தப் பாளையத்து உலகம் எத்துணைச் சிறியது என்பதற்கு ஊரோரத்தில் அவர்கள் விட்டுச்சென்ற கல்லறைகளே சாட்சி. போதாக்குறைக்கு, பலதார மணம் எங்கள் கொள்கை என்று அச்சபை 1852-இல் வெளிப்படையாக அறிவித்திருந்தது. அச்செய்தி அவர்களை முந்திக்கொண்டு பட்டணம் வந்து சேர்ந்துவிட்டது. (அவ்வழக்கத்தை 1890-இல் அவர்கள் கைவிட அறிவிப்புச் செய்தனர்.) கதவுகள் மூடின. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே சேர்ந்தனர். பாலண்டைன் 1854-இல் கப்பலேறினார். தமிழ்நாட்டில் அச்சபை மீண்டும் கால்கொள்ள நூறாண்டுக்கு மேலாயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவுக்கென ஒரு மறைபரப்பு மாநிலத்தை அது அமைத்தது 1993-இல்தான்.

அந்த மூவரை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. எட்டுத்திக்கும் அறியாத ஊரில், பசியோடு தெருத்தெருவாக நடந்தவர்கள் அவர்கள். ஆனால் ஊரின் மொழிக்குள் நுழையாதவனுக்கு ஊரின் வீட்டுக்குள்ளும் இடமில்லை என்பதை அவர்களது ஓராண்டு காட்டுகிறது.

நமக்கு அருகிலேயே வேறொரு வகையும் இருந்தது. உத்திரமேரூரை அடுத்த கருவேப்பம்பூண்டி நம்மில் பலருக்குப் பேருந்து செல்லும் ஊர்தான். 1702-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அவ்வூரிலிருந்து பிரெஞ்சு இயேசு சபைக் குரு பியேர் மோதுயி தம் நாட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கர்நாடக மறைபரப்புத் தளத்தைத் தொடங்கியோருள் அவர் ஒருவர். சந்நியாசி உடையணிந்து, புலால் நீக்கி, காஞ்சிபுரத்துக்கும் அதற்கு மேற்கேயுள்ள நாடுகளுக்கும் நடந்து சென்ற பயணத்தை அதில் விவரிக்கின்றார். அவருடைய தோழர் பூஷே அடிகள் தக்கோலத்தில் குடியிருந்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாலாற்றங்கரை வெயிலில் ஒரு பிரெஞ்சுக்காரர் நடந்து சென்றதை எண்ணிப் பாருங்கள். கடிதம் எழுதினால் ஊர் சேர மாதங்கள் பல; மறுமொழி வருமுன் எழுதியவரே இறந்துவிடுவதும் உண்டு.

அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். அவர்களுள் ஒருவரைப் பற்றி மறுமுறை வந்தபோது அந்தத் தாயிடம் கூறினோம். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டுண்டு இறந்த புனித அருளானந்தரை நம் மக்கள் எல்லாரும் அறிவர். அவர் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இருபத்தாறு வயதில், 1673-ஆம் ஆண்டில், இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவருடைய அன்னை பிரித்தெஸ் பெரேரா அதனைத் தடுக்கத் தம்மால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார்; திருத்தந்தையின் தூதர்வரை சென்று முறையிட்டார். தங்கள் பேரில் ஒரு கடிதம் வேண்டும் என்று அன்றே ஒரு தாய் கேட்டிருக்கின்றார் என்று நாம் கூறியதும் நம் தாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"கடிதம் கிடைத்ததா?"

"கிடைக்கவில்லை. மகன் இங்கு வந்து பண்டாரசுவாமியாகக் காவி கட்டி, ஒருவேளைச் சோறு உண்டு, தமிழ் பேசி வாழ்ந்தார். மகன் கொல்லப்பட்ட செய்தி லிஸ்பனை எட்டியபோது, அரசர் அழைக்க, அவ்வன்னை துக்க உடையில் வராமல் விழா உடையில் வந்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அது பெரிய மனசு, சாமி. எனக்கு அவ்வளவு வராது" என்றார். அவர் கூறியது உண்மை. நாமும் அதனை அவரிடம் எதிர்பார்க்கவில்லை. விழா உடைக் கதையைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்றுகூட நமக்குத் தோன்றியது. புனிதரின் கதையைக் கொண்டு தாயின் வாயை அடைப்பது எளிது, அது நேர்மையன்று.

அவரது அச்சம் எதுவென்று அன்றுதான் வெளிப்பட்டது. மகன் அங்கே தாக்குப்பிடிக்காமல் திரும்பிவிட்டால்? ஊரார் என்ன பேசுவர்? மார்மன் குடும்பங்களிலும் இந்த அச்சம் உண்டு. நோயாலோ மனச்சோர்வாலோ இரண்டாண்டு முடியுமுன் திரும்பும் பிள்ளைகள் உண்டு. தங்கள் கோவிலில் தலைநிமிர்ந்து உட்கார அவர்கள் படும் பாடு பெரிது. நாம் மட்டும் சிறந்தவரா? குருமடத்திலிருந்தோ கன்னியர் மடத்திலிருந்தோ திரும்பி வந்த பிள்ளையை நம் பங்குகளில் எப்படிப் பார்க்கின்றோம்? திருமண வரன் பேசும்போது பெற்றோர் அந்த ஆண்டுகளை மறைத்துப் பேசுவதை நாமே கண்டிருக்கின்றோம். திரும்பி வரவும் ஒரு வீடு உண்டு என்று அறிந்த பிள்ளையே துணிந்து புறப்படுவான். "திரும்பினால் என்ன அம்மா? உன் மகன்தானே வருவான்" என்றோம். அதற்கு அவர் ஒன்றும் கூறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகுமுன் ஒன்று கேட்டார். "அங்கே சோறு கிடைக்குமா?"

அரிசிச் சோறும் உண்டு, ஆனால் அந்நாட்டார் நாள்தோறும் உண்பது உகாலி என்னும் உணவு என்றோம். வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கெட்டியாகக் கிண்டுவர். கையால் உருட்டி, கீரையோ குழம்போ தொட்டு உண்பர். சுவாகிலி மொழி கற்குமுன் அவன் கற்க வேண்டியது அதனை விழுங்கத்தான் என்று சிரித்தோம்.

"களிதானே அது! அவன் பாட்டி கேழ்வரகில் கிண்டினால் தொடவே மாட்டான். எழுந்து ஓடிவிடுவான்" என்றார்.

கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாமும் எழுதவில்லை. நுழைவு அனுமதி வரும்வரை மகனைச் சில வாரம் வீட்டில் இருக்கச் சபையார் அனுப்பியிருந்தனர். திருவருகைக் காலத்தின் ஒருநாள் மாலை வீடு மந்திரிக்க அத்தெருவுக்குச் சென்றபோது அவ்வீட்டிலும் நுழைந்தோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களையில் தாய் பெரிய சட்டியில் துடுப்பைப் போட்டு எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் இருநாள் இதுதான் சாமி என்று தந்தை தறியிலிருந்தே முணுமுணுத்தார். இளங்குரு தரையில் சப்பணமிட்டு, முன்னால் தட்டை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தான். முதல் உருண்டையைக் கீரையில் தொட்டு வாயில் போட்டுத் தண்ணீரைத் தேடினான். "தண்ணீர் குடிக்காமல் விழுங்கு" என்றார் தாய். நமக்கும் ஒரு தட்டு வந்தது.